தரங்கம்பாடிக் கோட்டை – பகுதி 4: கப்பல் வராத கால் நூற்றாண்டு

இதுவரை...

1618 நவம்பரில் கோபன்ஹேகனை விட்டுக் கிளம்பிய டேனிஷ் கப்பல்கள் இலங்கையை நம்பி வந்தன. கண்டி மன்னர் செனரத் கைவிரித்துவிட்டார். அதற்கு முன்பே புறப்பட்டு வந்த 'ஓரெசுண்ட்' என்ற கப்பலைக் காரைக்கால் அருகே போர்த்துக்கீசியர் தாக்கி அழித்தார்கள். உயிர் தப்பிக் கரையேறிய ரோலண்ட் கிராப்பெ தஞ்சை அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தார். ரகுநாத நாயக்கர் அவர் பேச்சுக்குக் காது கொடுத்தார்.

1620 நவம்பரில் ஒப்பந்தம் முடிந்தது. தரங்கம்பாடி என்ற கடற்கரைக் கிராமம் ஆண்டு வாடகைக்கு டேனிஷ்காரர்களுக்கு வந்தது. டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்தியானுக்கு நாயக்கர் தமிழில் எழுதிய பொன்னோலை இன்றும் அந்த நாட்டு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 25 வயதே ஆன கடற்படைத் தலைவர் ஓவே ஜெட்டே, டான்ஸ்போர்க் கோட்டை வேலையைத் தொடங்கிவைத்துவிட்டு ஊர் திரும்பினார். நிர்வாகம் கிராப்பெ கைக்கு வந்தது.

எல்லாம் நல்லபடியாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் 30 ஆண்டுகளுக்குள் அந்தக் கோட்டையை, அதைக் கட்டச் சொன்ன நாடே மறந்துபோனது.

*

மதில் யாருடையது?

திருக்கடையூரைத் தாண்டியதும் பஸ் ஜன்னலில் வரும் காற்று மாறிவிடுகிறது. சிவகாசிப் பக்கம் சூலக்கரைக் கரிசலில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பிசுபிசுப்பு சட்டென்று தெரியும். எங்கள் பக்கத்தில் கடல் என்பது பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற ஒன்று.

தரங்கம்பாடிக்குள் நுழைய வெள்ளையடித்த பெரிய வாசல் ஒன்றைக் கடக்க வேண்டும். உச்சியில் டேனிஷ் அரச முத்திரை. உள்ளே நேராக ராஜவீதி. வீதி முடிகிற இடத்தில் திறந்தவெளி. அதன் ஓரத்தில் கோட்டை. கோட்டைக்குப் பின்னால் கடல். வருகிறவர்கள் வாசலில் நின்று ஒரு படம், கோட்டைக் கொத்தளத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

இப்போது நிற்கும் வாசல் 1792இல் கட்டப்பட்டது. ஆனால் அந்த இடத்தில் ஒரு வாசலுக்குத் தேவை வந்தது அதற்கும் 130 ஆண்டுகளுக்கு முன்பு. ஊரைச் சுற்றி மதில் எழுந்தபோதுதான் ஊருக்குள் போக வாசல் வேண்டியிருந்தது.

ரகுநாத நாயக்கர் 1620இல் அனுமதித்தது கடலோரத்தில் ஒரு கோட்டை கட்டிக்கொள்ளத்தான். ஊர் திறந்தே கிடந்தது. அதை மதிலுக்குள் கொண்டுவந்தவர் ஆளுநர் பட்டத்தோடு வந்த பிரபு யாரும் இல்லை. எஸ்கில் ஆண்டர்சன் கொங்ஸ்பக்கெ என்ற சாதாரணச் சிப்பாய். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று குறிப்புகள் சொல்கின்றன. மதில் எழுந்த அந்த நாட்களில் கோட்டையில் எஞ்சியிருந்த ஒரே டேனிஷ்காரர் அவர்தான்.

அப்படியானால் கல் சுமந்தது யார்? சுண்ணாம்பு குழைத்தது யார்? இரவெல்லாம் கண் விழித்துக் காவல் நின்றது யார்? தரங்கம்பாடியின் கதையை டேனிஷ் கதை என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். இந்த வாரப் பகுதியைப் படித்து முடிக்கும்போது அந்தப் பழக்கம் கொஞ்சமாவது ஆட்டம் காண வேண்டும்.

*

18 போனது, 7 வந்தது

வீழ்ச்சி கோபன்ஹேகனில் தொடங்கியது.

டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கு எளிமையானது. சோழமண்டலக் கரையில் துணி வாங்கு. அதைக் கிழக்கே தீவுகளுக்குக் கொண்டுபோய் மிளகு, கிராம்பு வாங்கு. அதை ஐரோப்பாவில் விற்று லாபம் பார். இதற்கு மூன்று வேண்டும்: கையில் வெள்ளி, கடலில் கப்பல், ஊரில் அமைதி. மூன்றுமே டென்மார்க்கிடம் தீர்ந்துகொண்டிருந்தன.

முதல் 20 ஆண்டுகளில் கிழக்கு நோக்கிக் கிளம்பிய 18 கப்பல்களில் 7 மட்டுமே ஊர் திரும்பின. மற்றவை கடலில் போயின, அல்லது பழுதாகிக் கீழைக் கடல்களிலேயே முடிந்தன. ஒவ்வொரு கப்பலோடும் முதல் போட்டவர்களின் பணமும் போனது.

அரசரோ ஐரோப்பாவை உலுக்கிய முப்பதாண்டுப் போருக்குள் 1625இல் இறங்கினார். மறு ஆண்டே லுட்டர் என்ற இடத்தில் படுதோல்வி. 1629இல் சமாதானம் பேசி வெளியே வந்தபோது கஜானா காய்ந்துவிட்டிருந்தது. தரங்கம்பாடிக்கு அனுப்பக் காசில்லை. கோட்டையை டச்சுக்காரர்களுக்கு விற்றுவிடலாமா என்றுகூடப் பேச்சு நடந்தது.

இங்கே கோட்டைக்குள் நிலைமை இன்னும் மோசம். 1636இல் கிராப்பெக்குப் பிறகு பொறுப்பேற்ற பெர்ன்ட் பெஸ்ஸார்ட் கடன் மேல் கடன் வாங்கினார். வாடகை கேட்டுத் தஞ்சையிலிருந்து ஆள் வந்தது. கொடுத்த பணத்தைக் கேட்டு வியாபாரிகள் வந்தார்கள்.

நிலைமையைச் சரிசெய்ய அரசரின் ஆணையோடு 1639இல் புறப்பட்டவர் வில்லெம் லேயெல். அவர் ஏறிய 'கிறிஸ்தியான்ஷாவ்ன்' கப்பல் கேனரித் தீவுகளில் ஸ்பானியர் பிடியில் சிக்கியது. 1643இல்தான் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். வந்தவருக்குக் கோட்டைக் கதவு திறக்கவில்லை! டேனிஷ் கோட்டையை டேனிஷ்காரரே முற்றுகையிட வேண்டிய கோலம். 1644இல் பெஸ்ஸார்ட் தப்பி ஓடினார். லேயெல் உள்ளே போய்ப் பார்த்தால், மிஞ்சியிருந்தவை சுவர்களும் கடன்களும்தான்.

அவர் கண்ட வழி, வங்கக் கடலில் கப்பல் பிடிப்பது. வங்கத்தில் ஏற்பட்ட தகராறை வைத்து 1642இலேயே முகலாயப் பேரரசின் மீது டேனிஷ்காரர்கள் போர் அறிவித்திருந்தார்கள். ஒரு கடற்கரைக் கோட்டை, ஒரு பேரரசோடு போர்! அந்தப் போர் பேருக்கு 1698 வரை நீடித்தது. நிலத்தில் முகலாயரைத் தொடக்கூட முடியாது. கடலில், துணையில்லாமல் வரும் வங்க வணிகர்களின் கப்பல்களை மடக்க முடிந்தது.

1648இல் லேயெலின் ஆட்களே அவருக்கு எதிராகத் திரும்பினார்கள். அவரைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டு பவுல் ஹான்சன் கோர்சர் என்பவரைத் தலைவராக்கினார்கள். அதே ஆண்டில் டென்மார்க்கில் நான்காம் கிறிஸ்தியான் இறந்தார். 1650இல் அவர் மகன் மூன்றாம் ஃபிரெடரிக் கம்பெனியையே கலைத்தார்.

கலைத்த செய்தி வந்தது. கப்பல் வரவில்லை.

*

1655: ஒரே ஒரு ஆள்

கோட்டைக்குள் ஆள் குறையத் தொடங்கியது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, குடி, சண்டை. சிலர் சம்பளம் கிடைக்கும் வேறு கொடிகளுக்குக் கீழே போய்விட்டார்கள். புது ஆள் வர வழியில்லை. போன ஒவ்வொருவரின் இடமும் காலியாகவே கிடந்தது.

1655இல் கோர்சரும் இறந்தார். எஞ்சியவர் கொங்ஸ்பக்கெ.

அவர் நிலையைக் கொஞ்சம் நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். அவரை நியமிக்கக் கம்பெனி இல்லை. சம்பளம் தர யாரும் இல்லை. தஞ்சை நாயக்கருக்கு வாடகை பாக்கி. வங்கத்தோடு போர். தெற்கே நாகப்பட்டினத்தில் போர்த்துக்கீசியர். அவர்களையும் துரத்தியடிக்க நேரம் பார்த்துக் கடலில் சுற்றும் டச்சுக்காரர்.

அவர் முன்னால் சுலபமான வழிகள் இருந்தன. கோட்டைச் சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டு, கிடைத்த காசோடு ஒரு கப்பலில் ஏறியிருக்கலாம். ஐரோப்பியச் சிப்பாய்க்கு இந்தக் கரையில் வேலைக்குப் பஞ்சமே இல்லை. எந்தக் கொடிக்குக் கீழேயும் சேர்ந்திருக்கலாம். கேட்பதற்கு ஆளே இல்லாத காலம் அது.

அவர் போகவில்லை. கோட்டைக்கு மேல் டேனிஷ் கொடி இறங்கவில்லை.

ஆனால் கொடியை ஒரே ஆள் ஏற்றிவிடலாம். கோட்டையை ஒரே ஆள் காக்க முடியாது. நான்கு மூலையிலும் கொத்தளம். கடலைப் பார்த்துச் சுவர். கரையைப் பார்த்து அகழியும் இழுவைப் பாலமும். ஒவ்வொரு மூலைக்கும் இரவு பகலாக ஆள் வேண்டும். அந்த ஆட்கள் உள்ளூர்க்காரர்கள், அவர்களோடு இந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்த போர்த்துக்கீச வழிச் சிப்பாய்கள். டேனிஷ் கொடியின் கீழ் அந்த 14 ஆண்டுகளும் நின்றவர்கள் அவர்கள். டென்மார்க்கை அவர்கள் கண்டதில்லை. அந்த நாட்டு அரசர் யார் என்பதும் அவர்களுக்கு ஒரு பொருட்டாக இருந்திருக்காது.

அவர்களில் ஒருவர் பெயர்கூடக் கல்லில் இல்லை.

*

ஈரமும் மருந்தும்

கோட்டையின் மேல்தளத்தில் இப்போது அருங்காட்சியகம். பீங்கான், பழைய ஆவணங்கள், விளக்குகள். கூரை ஒட்டகத் திமில்போல் மேடு மேடாக எழுந்து நிற்கிறது. பார்க்க வருகிறவர்கள் அங்கேதான் அதிக நேரம் நிற்கிறார்கள்.

என்னைப் பிடித்து நிறுத்தியது கீழே இருக்கும் அறைகள். வளைவுக் கூரை, சின்ன வாசல், கனத்த சுவர். சரக்கு வைத்ததும் கைதிகளை அடைத்ததும் இங்கேதான். சுவரில் கை வைத்தால் உப்பு பூத்த காரை விரலோடு வந்துவிடுகிறது. உச்சி வெயில் நேரத்திலும் உள்ளே ஒரு ஈரம்.

பட்டாசு ஊர்க்காரன் கண்ணுக்கு முதலில் படுவது அந்த ஈரம்தான். சிவகாசியில் இந்தத் தொழில் வேர் பிடித்ததற்கு வறண்ட காற்றும் கொளுத்தும் வெயிலும் பெரிய காரணம். பயர் ஆபீசில், அதாவது பட்டாசு ஆலையில், வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: வெடிமருந்துக்கு நெருப்பு ஒரு எதிரி என்றால் ஈரம் இன்னொரு எதிரி. நான்கு நாள் மழை பிடித்தால் காயப்போட்ட சரக்கெல்லாம் நமுத்துப்போகும்.

அன்றைய பீரங்கி மருந்தும் அதே சரக்குதான். வெடியுப்பு, கரி, கந்தகம். நூறில் 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் என்பது பொதுவான அளவு. சுத்தம் குறைந்த வெடியுப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துக்கொள்ளும். பீப்பாயை அப்படியே விட்டுவைத்தால் வெடியுப்பு அடியில் தங்கி, கலவை பிரிந்துவிடும். அவ்வப்போது பீப்பாயைப் புரட்ட வேண்டும். நமுத்த மருந்தை வெயிலில் பரப்பிக் காயவைக்க வேண்டும். கட்டி தட்டினால் உடைத்துச் சலிக்க வேண்டும். ஒரு பொறி பட்டால் எல்லாம் முடிந்தது.

இதை ஐப்பசி அடைமழையில், கடலுக்குப் பத்தடி தூரத்தில் செய்து பாருங்கள்!

வெடியுப்புக்கு அன்று பேர் போன இடம் பீகார். அது கங்கை வழியாக வங்கத் துறைமுகங்களுக்கு வந்து, அங்கிருந்து உலகமெல்லாம் போனது. வங்கத்தோடு போரில் இருந்த டேனிஷ்காரர்களுக்கு அந்தத் துறைமுகங்கள் அடைத்துக் கிடந்தன. டென்மார்க்கிலிருந்தும் ஒரு பீப்பாய் மருந்து வந்து சேரவில்லை. அப்படியும் டான்ஸ்போர்க்கின் பீரங்கிகள் ஊமையாகிவிடவில்லை. முற்றுகைகளை எதிர்த்து நின்றன.

முற்றுகையைப் பற்றி வரலாறு பேசும். பீப்பாய் புரட்டியதைப் பற்றிப் பேசாது. ஆனால் முற்றுகை வந்த நாளில் கோட்டையைக் காப்பாற்றியது, வராத நாட்களில் எல்லாம் அந்த மருந்தைக் காயவைத்து, சலித்து, மூடி வைத்த கைகள். எங்கள் பக்கத்தில் அந்த வேலை செய்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அதில் எவ்வளவு பொறுமை வேண்டும், எவ்வளவு பயத்தை விழுங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

*

பிடிபட்ட கப்பல்கள்

சிப்பாய்க்குச் சோறு போட வேண்டும். சுவர் இடிந்தால் பூச வேண்டும். காசு எங்கிருந்து வந்தது?

வங்கக் கடலிலிருந்து வந்தது. லேயெல் தொடங்கிய வேலையைக் கொங்ஸ்பக்கெயும் தொடர்ந்தார். போர் இன்னும் முடியவில்லை என்பதுதான் அவர் கையில் இருந்த நியாயம். கடலில் அகப்பட்ட கப்பல்களை மடக்கினார். சரக்கை விற்றார். அந்தப் பணத்தில் கோட்டையைப் பழுதுபார்த்தார்.

இதை வீரம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போக என்னால் முடியாது. பிடிபட்ட கப்பலில் இருந்தவர்களும் மனிதர்கள். வாழ்நாள் சேமிப்பைத் துணி மூட்டையாகவும் அரிசியாகவும் ஏற்றிவிட்டு, கப்பல் திரும்பி வரும் என்று கரையில் காத்திருந்த குடும்பங்கள் அவர்களுக்கும் இருந்தன. கோபன்ஹேகன் கைவிட்டதற்கான விலையை, தரங்கம்பாடியை வரைபடத்தில்கூடப் பார்த்திராத வங்க வணிகர்கள் கொடுத்தார்கள். கோட்டைக் காரையில் அவர்கள் இழப்பும் கலந்திருக்கிறது.

*

நாயக்கர் படை

கடலில் வந்த காசு தஞ்சைக்குப் போகவில்லை. வாடகைப் பாக்கி வளர்ந்துகொண்டே இருந்தது.

அப்போது தஞ்சையில் ரகுநாதரின் மகன் விஜயராகவ நாயக்கர். தந்தைக்கு டேனிஷ்காரர்கள் தேவைப்பட்டார்கள். போர்த்துக்கீசியரின் கையை அடக்க இன்னொரு ஐரோப்பியக் கூட்டம் கரையில் இருப்பது அவருக்கு லாபம். மகன் காலத்தில் அந்தக் கணக்கு மாறிவிட்டது. வாடகையும் தராமல், கப்பலும் கொண்டுவராமல், சரக்கும் வாங்காமல் கிடக்கும் ஒரு கோட்டையால் அவருக்கு என்ன பயன்? படை வந்தது. பேச்சு நடந்தது. மறுபடியும் படை வந்தது.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழ வேண்டும். ஊர்க்காரர்கள் ஏன் கதவைத் திறந்துவிடவில்லை? நாயக்கர் அவர்களுடைய ராஜா. உள்ளே இருப்பவர் சம்பளம்கூட இல்லாத ஒரு வெளிநாட்டுச் சிப்பாய். திறந்துவிட்டால் கதை அன்றே முடிந்திருக்கும்.

பதில், அந்தக் காலத்துத் தஞ்சைச் சீமையில் இருக்கிறது.

1658இல் டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். 1659இல் பிஜப்பூர் சுல்தானின் படை தஞ்சைக்குள்ளேயே புகுந்தது. விளைந்த வயல் அழிந்தது. கிராமங்கள் காலியாயின. படை போன வழியிலேயே பஞ்சமும் வந்தது.

காவிரிப் பாசனத்தில் ஊருக்கே சோறு போட்ட நாட்டில், மக்கள் பசிக்காகத் தங்களையும் பிள்ளைகளையும் விற்றார்கள். வாங்கியவர்களில் முதலில் நின்றது டச்சுக் கம்பெனி. 1659 முதல் 1661 வரை ஆயிரக்கணக்கானவர்கள் இந்தக் கரையிலிருந்து இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் அடிமைகளாகக் கப்பல் ஏற்றப்பட்டார்கள். டேனிஷ்காரர்களும் அந்தப் பாவத் தொழிலில் கை வைத்தவர்கள்தான்.

அப்படிப்பட்ட காலத்தில், சுற்றிலும் ஒரு சுவர் இருப்பது என்றால் என்ன அர்த்தம்? உள்ளே மீன்பிடிக் குடும்பங்கள், தறிக்காரர்கள், கடைக்காரர்கள். அவர்களுக்குத் தஞ்சையும் கோபன்ஹேகனும் ஒரே தூரத்தில்தான் இருந்தன. பக்கத்தில் இருந்தது பசியும் படையும். கதவைத் திறந்தால் எந்தப் படை உள்ளே வரும், அது எப்படி நடந்துகொள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே ஊரைச் சுற்றி மதில் எழுந்தது. கோட்டைக்காரருக்குத் தன் கோட்டைக்கு முன்னால் இன்னொரு அரண் வேண்டும். ஊர்க்காரருக்குத் தங்கள் வீட்டுக்கு முன்னால் ஒரு சுவர் வேண்டும். இரண்டு தேவையும் ஒரே இடத்தில் சந்தித்தன. கைவிடப்பட்ட காலம் என்று வரலாற்றாசிரியர்கள் ஒரே வரியில் தாண்டிப்போகும் அந்த ஆண்டுகளில்தான், கடலோரம் கிடந்த ஒரு ஊர் மதில் சூழ்ந்த பட்டினமாக மாறியது.

என் கணக்கில் தரங்கம்பாடியின் திருப்புமுனை இதுதான். 1620இல் கையெழுத்தானது அரசர்களின் ஒப்பந்தம். 1660-களில் மதிலோடு சேர்ந்து எழுந்தது கோட்டைக்கும் ஊருக்குமான ஒப்பந்தம். அதற்குப் பொன்னோலை கிடையாது.

மதில் எழுந்தபின் நாயக்கருக்கும் வேறு வழி இல்லை. முற்றுகை செலவு வைத்தது; பலன் தரவில்லை. கடைசியில் கொங்ஸ்பக்கெயோடு பேசி ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். ரகுநாத நாயக்கரிடம் பிரபு ஜெட்டே பேசி வாங்கியதை, அவர் மகனிடம் ஒரு சிப்பாய் பேசித் தக்கவைத்துக்கொண்டார்.

*

விழுந்த கோட்டை, விழாத கோட்டை

இதே நேரத்தில் டென்மார்க்கில் என்ன நடந்துகொண்டிருந்தது?

கோபன்ஹேகனுக்கு வடக்கே, ஓரெசுண்ட் நீரிணை மிகக் குறுகும் இடத்தில் ஹெல்சிங்கோர் என்ற சிறு துறைமுகம் இருக்கிறது. அங்கே கடலைப் பார்த்து நிற்பது க்ரோன்போர்க் கோட்டை. நீரிணையைக் கடக்கும் ஒவ்வொரு கப்பலும் அங்கே நின்று சுங்கம் கட்டிவிட்டுப் போக வேண்டும். டேனிஷ் அரசின் பெட்டியை நிரப்பியதே அந்தச் சுங்கம்தான். ஷேக்ஸ்பியர் தன் ஹாம்லெட் நாடகத்துக்குக் களமாக்கிய கோட்டையும் அதுவே. நம் கதையில் வந்த லேயெல் அந்த ஊர்க்காரர். டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைகளில் க்ரோன்போர்க்குக்கு அடுத்துப் பெரியது டான்ஸ்போர்க் என்று சொல்வது வழக்கம்.

1658 தொடக்கத்தில் கடல் உறைந்தது. ஸ்வீடன் அரசர் பத்தாம் கார்ல் குஸ்தாவ் தன் படையைப் பனிக்கட்டி மேல் நடத்திக்கொண்டுவந்து டென்மார்க்கை மண்டியிட வைத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் மறுபடியும் படையெடுத்துத் தலைநகரையே முற்றுகையிட்டார். செப்டம்பரில் க்ரோன்போர்க் விழுந்தது. ஏறத்தாழ மூன்று வார முற்றுகைதான்! 1660 வரை அங்கே பறந்தது ஸ்வீடன் கொடி.

கொங்ஸ்பக்கெயின் பெயரோடு ஒட்டியிருக்கும் கொங்ஸ்பக்கெ நகரம் ஹல்லாண்ட் மாகாணத்தில் இருக்கிறது. அந்த மாகாணம் 1645இலேயே ஸ்வீடன் கைக்குப் போனது. 1658இல் நிரந்தரமாகப் போனது. டான்ஸ்போர்க்கைத் தொடங்கிவைத்த ஓவே ஜெட்டே 1645இல் நாட்டின் தலைமைக் கடற்தளபதியாகவே ஆகியிருந்தார். ஆனாலும் 1660இல் அவர் கண் மூடும் வரை தரங்கம்பாடிக்கு ஒரு கப்பல் கிளம்பவில்லை. அனுப்பக் கூடாது என்று யாரும் நினைக்கவில்லை. வீடே பற்றி எரிந்துகொண்டிருந்தது.

அரசரின் கண் எதிரில், அரசரின் சம்பளம் வாங்கும் காவலோடு இருந்த க்ரோன்போர்க் விழுந்துவிட்டது. அரசர் மறந்துபோன, சம்பளமே வராத டான்ஸ்போர்க் விழவில்லை. அங்கே காவல் நின்றவர்கள் போர் தோற்றால் வேறிடம் போகலாம். இங்கே காவல் நின்றவர்களுக்கு, பின்னால் இருந்தது அவர்கள் சொந்த ஊர்.

*

மே 1669

எழுதத் தெரியாத கொங்ஸ்பக்கெ எழுதவைத்துக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கம் போகும் பிற நாட்டுக் கப்பல்களில் கோபன்ஹேகனுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். கோட்டை இருக்கிறது, கொடி இருக்கிறது, கப்பல் அனுப்புங்கள்.

பல ஆண்டுகள் பதில் இல்லை.

1660-களின் நடுவில் டென்மார்க் மெல்ல மூச்சு விட்டது. போர் ஓய்ந்தது. மூன்றாம் ஃபிரெடரிக் பிரபுக்களை ஒதுக்கிவிட்டு முழு அதிகாரத்தையும் தன் கையில் எடுத்திருந்தார். இழந்த நிலத்துக்கு ஈடாக வெளியே ஏதாவது கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்த நேரம். தூசி படிந்த கடிதங்களை யாரோ எடுத்துப் படித்தார்கள். உலகத்தின் மறுகோடியில் தங்களுக்கு ஒரு கோட்டை இருப்பது நினைவுக்கு வந்தது.

'ஃபாரோ' என்ற போர்க்கப்பல் தயாரானது. தலைவர் சிவெர்ட் அடெலெர். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, இந்துமாக்கடலைக் கடந்து அது வந்தது.

தரங்கம்பாடியில் கப்பல் வந்து அணையும் துறை கிடையாது. பெரிய கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்க வேண்டும். அலை உடையும் இடத்தைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரை சேர்ப்பவர்கள் உள்ளூர்ப் படகுக்காரர்கள். கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய படகுகளும் கட்டுமரங்களும் மட்டுமே அந்த அலைக்குத் தாங்கும். எந்த அரசரின் ஆணையாக இருந்தாலும் அவர்கள் படகில் ஏறித்தான் கரைக்கு வர வேண்டும்.

1669 மே மாதம். பாய் விரித்து ஒரு கப்பல் தெரிந்தது. டச்சுக் கொடி இல்லை. ஆங்கிலக் கொடியும் இல்லை. கோட்டை மேல் பறந்த அதே கொடி கடலிலும் பறந்தது. டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல் வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அப்போது பிறந்த பிள்ளைகள் தாங்களே பிள்ளை பெற்றுவிட்டார்கள்.

அடெலெரிடம் அரசரின் ஆணை இருந்தது. கரையில் நின்றவர் அரசரால் நியமிக்கப்படாதவர். 14 ஆண்டுகள் தன் இஷ்டத்துக்குப் போர் நடத்தியவர், கப்பல் பிடித்தவர், ஒரு ராஜாவோடு உடன்பாடு செய்தவர். எந்தக் கணக்கும் எழுத்தில் இல்லை. கோபன்ஹேகன் நினைத்திருந்தால் அவரைத் தியாகி என்று அணைத்துக்கொள்ளலாம். கடற்கொள்ளைக்காரர் என்று விலங்கும் பூட்டலாம். இரண்டுக்கும் ஆதாரம் இருந்தது.

கொங்ஸ்பக்கெயின் கதி இனி அந்த ஆணையில் இருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று மதிலுக்குள் காத்திருந்தது. அரசர் கண்ணை மூடியிருந்த காலத்தில், ஊரும் கோட்டையும் தங்களுக்குள் ஒரு ஏற்பாட்டோடு வாழப் பழகிவிட்டன. இப்போது அரசர் கண்ணைத் திறந்துவிட்டார். புதுக் கம்பெனி வரும், புது ஆளுநர் வருவார், புதுச் சட்டம் வரும். யாரும் இல்லாதபோது கோட்டையைக் காத்த தமிழர்களுக்கு, எல்லோரும் திரும்பி வந்தபின் அந்த மதிலுக்குள் என்ன இடம் கிடைத்தது?

(அடுத்த வாரம்: அரசரின் ஆணை)